முள்ளா என்று கேட்காதே, மகனே

மகனே,

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுதான் வீடியோ காலில் பார்த்தேனே. தாடி வளர்த்திருக்கிறாய், தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போடுகிற சோலார் பிளாண்டுக்கு என் மகன் சைட் இன்சார்ஜ் என்று இலஞ்சியில் நான் சொல்லாத வீடு இல்லை. பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். போனை வைக்கும் முன் நீ ஒன்று கேட்டாய். "எம்மா, இங்கன பாம்பு ரொம்ப இருக்குன்னு சொல்லுதாவ. அடுத்த வாரம் காலைல மீட்டிங்ல ஆளுகளுக்கு எதாவது சொல்லணும். நீ இந்த வேலதான பாக்க, ரெண்டு வரில சொல்லேன்" என்றாய். உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். இவளிடம் போய் ரெண்டு வரியில் கேட்கிறானே என்று.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி, பாதியில் "சரிம்மா" என்று போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். முறுக்கோடு சேர்த்துக் கூரியரில் வருகிறது, தின்றுகொண்டே படி. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன் சைட்டில் வேலைக்கு வருகிற யாரும், அது நம்மூர்ப் பெண்ணோ ஒடிசாவிலிருந்து வந்த பையனோ, பாம்பு கடித்து உயிர் போய் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. என்னோடு பேனல் கழுவுகிற செல்லக்கனி அப்படித் திரும்பியிருப்பாள். மயிரிழையில் தப்பினாள். அந்தக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பாம்பிடம் எனக்குப் பயத்தைவிட ஆராய்ச்சி அதிகம். "ஓடுத பாம்ப நிப்பாட்டி எந்த ஊருன்னு கேப்பா ஒங்க அம்மை" என்று உங்கள் அப்பா கேலி செய்வார். சுரண்டை ரோட்டு பிளாண்டில் பேனல் கழுவுகிற பெண்களுக்கும் புல் அறுக்கிற பெண்களுக்கும் என்னைச் சூப்பர்வைசராகப் போட்ட நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்: பாம்பு ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை? எல்லா வரிசையிலும் ஒரே புல்தான், ஒரே நிழல்தான். ஆனால் இன்வெர்ட்டர் ரூமுக்குப் பின்னால் உள்ள வரிசைகளில்தான் அடிக்கடி சட்டை உரித்துப் போட்டிருக்கும். கரண்டுச் சூடு பிடிக்கும் போலிருக்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மத்தியானம் எங்கள் தூக்குச்சட்டிகளைப் பார்த்தேன். சாப்பிட்டு மீந்த சோற்றை எல்லோரும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கொட்டுவோம், காக்காய் தின்னட்டும் என்று. காக்காய் தின்றது போக மீதியை எலி தின்றது. கேபிள் போகிற வாய்க்காலுக்குள் எலி குடித்தனம் வைத்தது. அதற்குப் பின்னால் பாம்பு வருவதற்குச் சொல்லவா வேண்டும். நாம்தான் சோறு போட்டு வரவழைத்திருக்கிறோம். சோற்றை மூடி போட்ட வாளியில் சேர்த்து வெளியே எடுத்துப் போக ஆரம்பித்த பிறகு அங்கே சட்டை கிடப்பது குறைந்துபோனது. அடியோடு இல்லாமல் போகவில்லை. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உன் சைட்டில் நீ முதலில் பார்க்க வேண்டியது பாம்பை இல்லை. சாப்பிடுகிற இடம் எது, மீதி எங்கே போகிறது, கழற்றிப் போட்ட மரப்பெட்டியும் பேனல் வந்த அட்டையும் எங்கே குவிந்து கிடக்கிறது, கேபிள் வாய்க்காலுக்கு மூடி இருக்கிறதா என்று பார். புல்லுக்குள் இறங்குகிறவர்களுக்குக் கணுக்கால் மறைக்கிற பூட்ஸ் கொடு. கொடுத்தால் மட்டும் போதாது. எங்கள் பெண்களுக்கு ஆண்கள் அளவில் பூட்ஸ் வந்தது. நடந்தால் கால் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம். எல்லோரும் அதைக் கழற்றி டேங்கர் ஓரத்தில் வைத்துவிட்டுச் செருப்போடு போனார்கள். காலுக்குச் சரியாக இருந்தால் போடுவார்கள். போடும் முன் கவிழ்த்துத் தட்டச் சொல். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதே, முதலில் கம்பை விடு என்பதைத் தினமும் சொல்.

செல்லக்கனி கையைத்தான் விட்டாள். பேனலை வெயில் ஏறும் முன்பே கழுவ வேண்டும், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் நல்லபடியாக விழுந்துகொண்டிருந்த மாதம், எங்கள் பக்கமும் மேகமும் காற்றுமாக இருந்தது. தண்ணீர்ப் பைப் பேனல் காலில் சிக்கிக்கொண்டது. உட்கார்ந்து, புல்லுக்குள் கையை விட்டு இழுத்திருக்கிறாள். மணிக்கட்டுக்குக் கீழே சுருக்கென்றது. நான் அப்போது டேங்கர் பக்கம் நின்றேன், எனக்குத் தெரியாது. எங்களில் மூத்தவள் பேச்சியம்மாள் அவள் கையைப் பார்த்திருக்கிறாள். உடனே வேலியோரம் நின்ற வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்து உருவி வந்து மெல்லச் சொல்லியிருக்கிறாள். உனக்குத் தெரிந்ததுதான், நம் பக்கம் இது வழக்கம். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது, கசந்தால் விஷம் இல்லை. "கசக்குதாட்டி?" என்று கேட்டாள் பேச்சி. "கசக்குக்கா" என்றாள் செல்லக்கனி. அவ்வளவுதான். எல்லோருக்கும் நிம்மதி. அவள் எழுந்து அடுத்த வரிசையைக் கழுவப் போய்விட்டாள்.

நான் அந்தப் பக்கம் வந்தபோது பேச்சி சொன்னாள், "முள்ளுதான் போலுக்கு, எல பாத்தாச்சு" என்று. நானும் சரி என்று திரும்பியிருப்பேன். செல்லக்கனியின் காலில் ஒரு கீறல் இருந்தது. காலையில் டேங்கர் தகரம் கிழித்தது, நான்தான் துடைத்துவிட்டேன். எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய கீறல். அதிலிருந்து ரத்தம் மெதுவாகக் கசிந்து செருப்பு வரை இறங்கியிருந்தது. இது ஏன் நிற்கவில்லை என்று குனிந்து பார்த்தேன். "வாயத் தொறட்டி" என்றேன். பல் ஈறில் சிவப்பு. கையைப் பிடித்துப் பார்த்தால், வளையல் சதைக்குள் அமுங்குகிற அளவுக்கு வீக்கம்.

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுஞ் செய்யலக்கா. லேசா எரியுது. இந்த வரிசைய முடிச்சிட்டு வாரேன்."

பேனல் துடைக்கிற வைப்பரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டேன். பேச்சி முந்தானையைக் கிழித்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்ட வந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். இறுக்கிக் கட்டினால் விஷம் நிற்காது, கைதான் அழுகும் என்று போனில் ஒரு டாக்டர் பேசியதைப் பார்த்திருக்கிறேன். கீறிவிடவும் கூடாது, வாய் வைத்து உறிஞ்சவும் கூடாது. அடுத்தது வளையல். அந்தக் கை வீங்கிக்கொண்டே போகும், கண்ணாடி வளையல் கிடந்தால் சதையை வெட்டும், கழற்றியாக வேண்டும். இங்கேதான் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, சுமங்கலி கைய மொட்டையாக்கக் கூடாது. இப்பவா? இந்த நேரத்துலயா?" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செல்லக்கனியும் கையை இழுத்துக்கொண்டாள். பாம்புக்கு அவள் பயப்படவில்லை, இதற்குப் பயந்தாள். பேனல் கழுவுகிற சோப்புத் தண்ணீர் வாளியில் அவள் கையை நனைத்து, ஒவ்வொன்றாக உருவி, உருவியதை அவளுடைய மறு கையில் போட்டேன். "பாத்துக்கோ, ஒண்ணுகூடக் கொறையல" என்று காட்டிய பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். கல்யாணமான பெண்கள் வேலை பார்க்கிற சைட் உனக்கும் வரும். இந்தச் சின்ன வித்தை எந்தச் சேஃப்டி போஸ்டரிலும் இருக்காது, நினைவில் வைத்துக்கொள். மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாமே அப்படித்தான்.

சைட் ஜீப் ஏதோ வால்வு வாங்கப் பாவூர்சத்திரம் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் அது வேறொரு கேஸுக்குப் போயிருந்தது, வந்துசேர நேரமாகும் என்றார்கள். ரோட்டில் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போன லோடு ஆட்டோவை மறித்தோம். அந்த அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை, மூட்டைகளை இறக்கி எங்கள் கேட் வாசலிலேயே போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். உடைந்த வைப்பர் கட்டையைக் கையோடு சேர்த்து, எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுவதுபோலத் தளர்வாகத் துணி சுற்றி, அவளை நடக்க விடாமல் தூக்கித்தான் ஏற்றினோம். கை ஆடக் கூடாது, அவளும் ஆடக் கூடாது, அதுதான் கணக்கு. வழியெல்லாம் நான் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சத்தியமாக நினைவில்லை.

தென்காசி பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா இளம்பெண், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். "என்ன பாம்புன்னு பாக்கலயே டாக்டரம்மா" என்று நான் தவித்தேன். நல்லவேளை தேடி அடித்துக்கொண்டு வராமல் விட்டீர்கள் என்றாள். பாம்பைத் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கிக்கொண்டு வருவது உண்டாம். செல்லக்கனியிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேஜையில் நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்றாள். இருபது நிமிஷம். நான் கண்ணை எடுக்கவில்லை. நல்ல ரத்தமாக இருந்தால் தயிர் மாதிரி உறைந்து நிற்கும், குழாயைச் சாய்த்தாலும் அசையாது. டாக்டரம்மா சாய்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. அடுத்த நிமிஷமே விஷமுறிவு மருந்து டிரிப்பில் ஏற ஆரம்பித்தது. அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் நடுக்கமும் தடிப்பும் வருமாம், அதனால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, ரெண்டும் பரிசோதனைதான். பேச்சியின் வேப்பிலை நாக்கிடம் கேட்டது, டாக்டரம்மாவின் குழாய் ரத்தத்திடமே கேட்டது. எனக்கு அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செல்லக்கனி தேறிய பிறகு ஒருநாள் டீ இடைவேளையில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் வேப்பிலை கொடுத்து மெல்லச் சொன்னேன். பாம்பு யாரையும் கடிக்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். வெற்றிலையும் புகையிலையுமாக வாய் மரத்துப்போன ஒருத்தி, "ஒண்ணும் தெரியலியே, இனிக்கக்கூடச் செய்யுதே" என்றாள். கடிபடாதவளுக்கு இனிக்கிறது, ரத்தம் தண்ணீராக ஓடியவளுக்குக் கசந்தது. பேச்சி இன்னொரு இலையைக் கிள்ளித் தானும் மென்று பார்த்தாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் செல்லக்கனி பிழைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

செல்லக்கனியின் வீட்டுக்காரன் சுடலை, குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சீசன் நேரம், யாருக்கோ முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடிவந்தான். முழங்கை வரை எண்ணெய். கட்டிலில் அவளுடைய மொட்டைக் கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "எக்கா... வளையல் எங்க?" என்றான். "அந்தக் கையப் பாருலே" என்றேன். பார்த்தான். தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். பிறகு மெதுவாக, செங்கோட்டைப் பக்கம் பாம்புக்கடி வைத்தியர் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போவோமா என்று ஆரம்பித்தான். "மருந்து ஏறி முடியட்டும். டாக்டரம்மா வீட்டுக்குப் போன்னு சொல்லட்டும். பொறவு எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ, நானும் வாரேன்" என்றேன். பிறகு போனோம், மந்திரித்த கயிறும் கட்டிக்கொண்டு வந்தோம். நம்பிக்கையோடு சண்டை போடாதே, நேரத்தை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதே.

இனி உன் சைட் விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது, இரவிலும் டாக்டர் இருப்பாரா என்று போன வாரமே நீ விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை என்றால் இன்றைக்கு நீயே நேரில் போய்க் கேள். ஒரு வண்டி சாவியோடும் டிரைவரோடும் எப்போதும் கேட்டுக்குள் நிற்கட்டும், வால்வு வாங்க வேறு வண்டி பார். தகரக் கொட்டகையில் தரையில் படுக்கிறார்களே வடக்கத்திப் பையன்கள், அவர்களுக்குக் கட்டில் வாங்கிக் கொடுக்க ஆபீஸில் சண்டை போடு, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டச் சொல். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காதாம், தடம்கூடத் தெரியாதாம். டாக்டரம்மா சொன்னாள். தூங்கி எழுந்த ஆள் வயிறு வலிக்கிறது என்பான், கண் இமை பாதி மூடிக்கொண்டே வரும், பேச்சு குழறும். ராத்திரி குடித்திருப்பான் என்று யாராவது சொல்வார்கள். நீ நம்பாதே, வண்டியில் ஏற்று.

இதையெல்லாம் நீ மீட்டிங்கில் சொல்லிவிடுவாய். போஸ்டரும் அடித்துவிடுவாய். இனி எழுதப்போவதைப் போஸ்டரில் போட முடியாது.

வார்டில் செல்லக்கனிக்கு வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகு நான் கேட்டேன், "ஏட்டி, கடிச்ச ஒடனே யார்ட்டயாவது சொல்ல வேண்டியதுதான?" என்று. "சொன்னேன்க்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சி பார்க்கும் முன்பே, எங்கள் சைட் இன்சார்ஜ் தம்பியிடம் போய்க் கையை நீட்டியிருக்கிறாள். அவன் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுத்து, கையைப் பார்த்து, "என்னக்கா, முள்ளா?" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறான். மருந்துப் பெட்டியைத் திறந்து அவனே ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டிருக்கிறான், ஈரத்தில் அது அப்போதே கழன்று விழுந்துவிட்டதாம்.

"நீ என்னட்டி சொன்ன?"

"அவியளே முள்ளான்னு கேட்டுட்டாவ. நா என்னத்தச் சொல்ல? ஆமா சார்னேன். இல்லன்னு சொன்னா எல்லாரையும் வேலைய நிப்பாட்டணும், வண்டி வரணும், அம்புட்டுப் பேரும் என்னையே பாப்பாவ. பொறவு முள்ளாவே இருந்துட்டா எனக்குல்லாக்கா அசிங்கம். நாளப்பின்ன கூப்பிட மாட்டாவ."

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால், அவள் அதை அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கூலிக்கு வருகிறவர்கள் அப்படித்தான், அது மரியாதை என்று அவர்களுக்குத் தோன்றும். நீ "என்ன ஆச்சு?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். போன் அடித்தால் அடிக்கட்டும். முள் குத்திய ஆளைப் பத்து முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாலும், அந்தப் பத்து முறையும் அவர்கள் எல்லோர் முன்னாலும் சிரித்த முகமாக வண்டியை விட்டு இறங்கு. பதினோராவது ஆள் அதைப் பார்த்துத்தான் உன்னிடம் வாய் திறப்பாள்.

அந்தத் தம்பி அன்று மத்தியானமே பைக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து உள்ளே வரத் தைரியமில்லாமல் வராந்தாவில் நின்றான். என்னைப் பார்த்ததும், "நான் கேட்டேம்மா, அவங்கதான் முள்ளுன்னு சொன்னாங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை. கேட்டான்தான். சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ரெண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பெரியவர்களிடம் மரியாதை, கெட்ட பழக்கம் கிடையாது, ஒருத்தரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். அவன் அம்மா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

நானும் உன்னை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

உன் அம்மா